மறுகா என்றொரு பெண் இல்லை

செங்கலடியில் கனகசூரியத்தின் குரலைக் கேட்காதவர்கள் என்றால் பிறக்காதவர்களும் செவிடர்களும்தான். செவிடர்களிலும் இரண்டு பேர் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாலு குழாய், ஒரு அம்ப்ளிபயர், லொறியிலிருந்து கழற்றிய ஒரு பற்றறி, இவ்வளவும் சேர்ந்ததுதான் அவருடைய ‘கனகா சவுண்ட் சேர்விஸ்’. கோயில் சடங்கென்றால் குழாயைப் புளியமரத்தில் கட்டிவிட்டு, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அவர் பேசுவார். சங்கக்கடைக்கு வந்த சீனி, அடுத்த பூசை, காணாமற்போன வெள்ளாடு, இவற்றோடு தன் சொந்தக் கருத்துகள் சிலவும். ஒருமுறை அவர் அறிவித்த ஆடு, அறிவித்தல் பொறுக்கமுடியாமல் தானாகவே வீட்டுக்கு வந்துசேர்ந்தது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது எழுதுகிறவர், பாடுகிறவர், படம் பிடிக்கிறவர் எல்லோரும் தங்களுக்கு ஆள் சேரவில்லை என்று அழுகிறார்கள். கனகசூரியம் ஆள் தேடி ஒருநாளும் போனதில்லை. அவரிடமிருந்து தப்புவதற்கு ஆட்கள்தான் இடம் தேடினார்கள்.

தொண்ணூறாம் ஆண்டோடு அந்த அரசாட்சி முடிந்தது. குழாய் கட்டினால் சுடுவோம் என்றது ஒரு தரப்பு. எங்கள் அறிவித்தலுக்குக் குழாய் கட்டாவிட்டால் சுடுவோம் என்றது மற்றத் தரப்பு. அந்த நாலு குழாயையும் கழற்றி, சாக்கில் சுற்றி, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார் மனிதர். பின்னேரம் ஆறு மணியோடு ஊரடங்கு. மனைவி புஸ்பத்துக்கு அடுப்படி வேலை, ஆகவே வீட்டுக்குள் அடைபட்ட அந்தத் தொண்டைக்குக் கிடைத்த ஒரே சபை அவருடைய தம்பி. பெயர் குஞ்சித்தம்பி, வயது பதினேழு. அண்ணனுக்கு அப்போது முப்பது.

அண்ணன் கதை சொல்லுவார். தம்பி ‘மறுகா?’ என்பான். தெரியாதவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்: மட்டக்களப்பில் ‘மறுகா’ என்றால் பிறகு. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கதை சொல்கிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு மறுகா போடுவார், கேட்கிறவர் நித்திரை வராத இடத்தில் ஒரு மறுகா போடுவார். இந்த ஒரு சொல் இல்லாவிட்டால் எங்கள் பகுதியில் ஒரு கதையும் வாசற்படி தாண்டாது.

அந்த நாட்களில் ஓடிய கதை ஒரு முதலைக் கதை. வெல்லாவெளியில் ஒருவன், பெண்சாதி அவித்த புட்டு கல்லுப்போல் இருக்கிறதென்று வாய்காட்டிவிட்டான். அவள் கோபித்துக்கொண்டு மட்டக்களப்பில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். கூட்டிவரப் போவதற்கு பஸ் இல்லை, இருந்த தோணியும் ஓட்டை. கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த முதலையில் ஏறி உட்கார்ந்து, வாவி நீளத்துக்கும் வந்தான். பொழுது படுகிற நேரம் பாலத்தடியில் பொலிஸ் மறித்தது. சைக்கிளுக்கு லைற் இல்லாவிட்டால் வழக்கு என்ற சட்டம் முதலைக்கும் பொருந்தும் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. “இந்த முதலைக்கு லைற் எங்கே?” என்று நீதவான் கேட்டார்.

இந்த இடத்தில் கனகசூரியம் நீளமாக மூச்சு வாங்கினார். முதலை கண்ணைத் திறக்க, நீதிமன்றம் முழுக்க வெளிச்சமாகும் என்ற முடிவை இரண்டு நாளாக வாய்க்குள் ஊறவைத்திருந்தார். அதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

“முதலைக்குக் கண்ணே லைற்தானே அண்ணன்.”

தலையில் ஓங்கி ஒரு குட்டு விழுந்தது. கதை முடிந்தது, எழும்பிப் போ என்றார் அண்ணன். தன் முடிவைத் தன் வாயிலிருந்தே பிடுங்கியவனுக்கு அது குறைந்த தண்டனை என்பது கதாசிரியரின் அன்றைய தீர்ப்பு.

நாலாம் நாள் மாமன் வந்து பெடியனைக் கொழும்புக்குக் கூட்டிப்போனார். அந்த வயதுப் பெடியனை வீட்டில் வைத்திருக்க யாருக்கும் நெஞ்சு வராத வருஷம் அது. அண்ணன் கட்டிலுக்குக் கீழே இருந்த அம்ப்ளிபயரை எடுத்து வைத்து, இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் போய்வா என்று சொல்லவில்லை, அவனும் போய்வாறன் என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் ஜேர்மனியில் இருந்து தம்பியின் அட்டை ஒன்று வந்தது. சுகம், குளிர், இவ்வளவுதான் அதில் இருந்தது. அதற்குப் பிறகு இங்கே வீடு எரிந்து, குடும்பம் முகாமுக்குப் போய், முகாமில் இருந்து வெல்லாவெளிக்குப் போய், மூன்றாம் முறை செங்கலடிக்கே திரும்பி வேறொரு வளவில் குடியேறியது. அங்கிருந்து வந்த கடிதங்களுக்கு இங்கே வாசல் இல்லை, இங்கிருந்து போனவை ‘விலாசதாரர் இல்லை’ என்ற முத்திரையோடு திரும்பி வந்தன.

பதினைந்து வருஷமாகக் கனகசூரியத்தை ஒரு கேள்வி அரித்தது. தம்பி பேசாமல் இருப்பது விலாசம் தொலைந்ததாலா, குட்டு விழுந்ததாலா? உயிரோடு இல்லாமல் போயிருக்கலாம் என்ற மூன்றாவது காரணத்தை யாரும் அவர் முன்னால் சொல்லமாட்டார்கள். வெளிநாட்டில் இருந்து யார் வந்தாலும் போய் விசாரிப்பார். ஜேர்மனி ஏறாவூர் அளவுதான் இருக்கும், சந்தையில் நின்றால் எல்லோரையும் கண்டுவிடலாம் என்பது அவருடைய பூகோள அறிவு.

இரண்டாயிரத்து ஐந்தில், சண்டை கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம், பதுளை வீதித் திருப்பத்தில் மர்சூக், காசு கொடுத்து ரெலிபோன் பேசுகிற தன்னுடைய கொமினிக்கேசன் கடைக்கு இன்டர்நெற் எடுத்தான். ஏறாவூர்க்காரன், முப்பத்தைந்து வயது, வாயில் வெற்றிலையும் கேலியும் ஒருநாளும் காலியாகாதவன். கனகசூரியம் போய் தம்பியின் பெயரைக் கொடுத்துத் தேடச் சொன்னார். மர்சூக் தட்டிப் பார்த்தான். உலகத்தில் உள்ள குப்பையெல்லாம் வந்தது, குஞ்சித்தம்பி வரவில்லை. ஆளை நாம் தேடிப் பிடிக்க ஏலாதென்றால் ஆள் நம்மைத் தேடி வருகிறமாதிரி எதையாவது போட்டுவையுங்கள் என்றான். நண்டுக்குக் கூடு வைக்கிற விஷயம்தானே, இது விளங்குவதற்குப் படிப்பு எதற்கு? கூட்டுக்குள் வைக்கிற இரை எதுவென்றும் கனகசூரியத்துக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. உயிரோடு இருந்தால், பாதியில் நிற்கிற ஒரு கதையைத் தாங்கிக்கொண்டு குஞ்சித்தம்பியால் இருக்க முடியாது.

நாற்பத்தைந்து வயதில் மனிதர் கணினியில் எழுத்து அடிக்கப் படிக்கத் தொடங்கினார். இரண்டு விரல்தான். ஒவ்வொரு எழுத்தையும் தட்டுவதற்கு முன் மைக்கில் சொல்வதுபோல உரத்துச் சொல்லுவார். பக்கத்து ரெலிபோன் பெட்டிக்குள் நின்று கட்டாருக்குப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் புருஷன், அங்கே யார் அகரம் படிக்கிறது என்று அங்கிருந்தே கேட்டானாம்.

“அண்ணன், இது மைக் இல்ல,” என்றான் மர்சூக். “சத்தம் போட்டா எழுத்துப் பெருசா விழாது.”

மூன்று மாதத்தில் ஒரு வலைப்பூ மலர்ந்தது. ‘முதலையில் போன மனிசன்’ என்று பெயர். முதல் நாலு பகுதியும் உள்ளூர் எழுத்துருவில் அடித்தவை. மர்சூக்கின் கணினியில் அழகான தமிழ், மற்ற நாடுகளில் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் அடிபட்டுக் கிடந்த போர்க்களம். அதற்குக் கீழேயும் ஒருவர் ‘அருமை, தொடருங்கள்’ என்று எழுதியிருந்தார். வாசகர் என்ற பிராணியைப் பற்றிக் கனகசூரியம் படித்த முதல் பாடம் அதுதான்.

எழுத்துருவை மாற்றி எல்லாவற்றையும் திரும்ப அடித்தார். வந்துபோனவர்களை எண்ணும் கருவி ஒன்றை மர்சூக் பக்கத்தின் அடியில் புதிதாகப் பூட்டினான். அது நாற்பத்து மூன்று காட்டியது. அதில் நாற்பத்தொன்று அவரே. மற்ற இரண்டும் மர்சூக், கணினி வேலை செய்கிறதா என்று பார்த்தது.

பிறகு ஒருநாள் சென்னையில் இருந்து ஒரு அம்மா எழுதினார்: ‘மறுகா செய்தது சரிதான். எந்தப் பெண்தான் பொறுப்பாள்?’

கனகசூரியம் ஆறு தரம் வாசித்தார். விளங்கவில்லை. மர்சூக் வந்து, கதையை மேலே தள்ளி, ஒரு வரியில் விரல் வைத்தான். அவர் எழுதியிருந்தது இதுதான்: ‘மறுகா கோவிச்சுக்கிட்டு தாய் வீட்ட போயிற்றா.’ வெல்லாவெளியானின் பெண்சாதிக்குக் கதையில் பெயரே வைக்கவில்லை. அடுத்தவன் பெண்சாதிக்குப் பெயர் சொல்வது எங்கள் ஊர்க் கதையில் வழக்கமும் இல்லை. சென்னை அம்மா அவருக்காக வைத்துவிட்டார். மர்சூக்குக் குடித்த தேத்தண்ணி மூக்கால் வந்தது.

அதற்குப் பிறகு மறுகாவை நிறுத்த ஒருவராலும் ஏலாமற்போனது. ‘மறுகா அழுதழுது புட்டவிச்சா’ என்ற வரிக்கு மட்டும் முப்பது பேர் கண்ணீர் விட்டார்கள். கனடாவில் இருந்து ஒருவர் மறுகாவைப் படமாகவே வரைந்து அனுப்பினார், இடையில் குடம், கண்ணில் சோகம். ஒரு பேராசிரியர், மறுகுதல் என்றால் மனம் கலங்குதல், ஆகவே உள்ளம் மறுகியவள் மறுகா, இது இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான பெயர் என்று ஒரு பக்கத்துக்கு எழுதினார். சிட்னியில் ஒரு குழந்தைக்கு அந்தப் பெயரையே பதிந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது நல்ல வயது இருக்கும். ‘பிறகு, வா சாப்பிட’ என்று தாய் கூப்பிடுவதை நினைத்தால் எனக்கு இரக்கமாகத்தான் இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடவா என்று கனகசூரியம் கேட்டார். எண்ணும் கருவியில் இலக்கம் நானூறைத் தாண்டியிருந்ததை மர்சூக் காட்டினான். நானூறு பேரில் ஒருவன் தம்பியாக இருக்கலாம் என்று கனகசூரியம் பேசாமல் இருந்துவிட்டார். அது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவர் சொல்லவில்லை, முகம் சொன்னது. கட்டிலுக்குக் கீழே தள்ளிவைத்த நாலு குழாயும் திரும்பப் புளியமரத்தில் ஏறியது போன்ற முகம்.

அந்த நேரம் பார்த்து லண்டனில் இருந்து அழகரத்தினம் என்பவரின் கடிதம் வந்தது. பெரிய இணையத்தளம் ஒன்றின் ஆசிரியர். சொந்த ஊர் எதுவென்று கேட்டால் ‘இணையம்’ என்று பதில் எழுதும் வகை. கதையைத் தன் தளத்தில் வாராவாரம் போடுவதாகவும், பத்தாயிரம் பேர் வாசிப்பார்கள் என்றும், வாசகர்களை வளர்ப்பதற்குத் தன்னிடம் ஏழு விதிகள் இருப்பதாகவும் எழுதியிருந்தார். குறித்த நாளில் எழுதவேண்டும், தலைப்பில் ஒரு பெண் இருக்கவேண்டும், ஒவ்வொரு பகுதியும் கண்ணீரில் முடியவேண்டும், முதலையைக் குறைத்து மறுகாவைக் கூட்டவேண்டும் என்று அந்த விதிகள் போயின. மிச்சத்தை நான் மறந்துவிட்டேன், பத்தாயிரம் பேரும் மறந்திருப்பார்கள்.

கனகசூரியம் யோக்கியன். மறுகா பெண் இல்லை, வெறும் பிறகுதான் என்று அவருக்கு எழுதினார். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. இதை வேறு யாருக்கும் சொல்லவேண்டாம். இனிமேல் பிறகு என்று வரும் இடத்தில் ‘பின்னர்’ என்று எழுதுங்கள், மறுகா என்ற பெயரை அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

இதுதான் எட்டாவது விதி. முதல் ஏழையும் விட மோசமானது. பத்தாயிரம் பேர் என்றால் தம்பி அதற்குள் இருக்கக்கூடிய வாய்ப்பு இருபத்தைந்து மடங்கு. ஆனால் மறுகா இல்லாத கதையைத் தம்பி கண்டாலும், யாரோ படித்த மனிதர் எழுதியது என்று கடந்து போய்விடுவான். இரண்டு நாள் யோசித்துவிட்டு, பத்தாயிரத்தின் பக்கம் சாய்ந்தார். மனுஷன்தானே.

‘பின்னர்’ போட்டு ஆறு வாரம் எழுதினார். மறுகா விம்மினாள், மறுகா மல்லிகை தொடுத்தாள், மறுகா நிலவைப் பார்த்தாள். முதலை பசியில் கிடந்தது. வாழ்த்துகள் குவிந்தன, இரண்டு பேர் அவரை ‘கீழைக்கரையின் குரல்’ என்றார்கள். தம்பி மட்டும் வரவில்லை. இதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கையில் இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு முற்றி, வாகரைப் பக்கம் ஷெல் சத்தம் தொடங்கி, கடை திறக்கும் நேரம் நாளுக்கு இரண்டு மணித்தியாலமாகச் சுருங்கியது. ரெலிபோன் லைன் எந்த நாளும் அறுகிற கட்டம்.

அவருடைய மனைவி புஸ்பம் அதிகம் பேசாதவள். ஒரு வீட்டுக்கு ஒரு தொண்டை போதும் என்ற கொள்கை. ஏழாம் வாரத்துக்கான தாளை அவர் வாசித்துக் காட்டினார். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டிருந்தவள் கையை நிறுத்தாமல் சொன்னாள்:

“இதக் கேட்டா பத்தாயிரம் பேர் அழுவாங்க. குஞ்சித்தம்பி நித்திரை கொண்டிருவான்.”

அன்று பின்னேரமே மர்சூக்கின் கடைக்குப் போய், லண்டனுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிவிட்டு, தன் பழைய வலைப்பூவைத் திறந்தார். முதலைக் கதையை முதலில் இருந்து, தொண்ணூறாம் ஆண்டில் சொன்னபடியே அடித்தார். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஒரு மறுகா. மறுகா முதலை இறங்கிச்சு, மறுகா பொலிஸ் வந்திச்சு, மறுகா வழக்கு வந்திச்சு. ‘மறுகா நீதவான் கேட்டாரு, இந்த முதலைக்கு லைற் எங்க எண்டு. மறுகா’ என்று எழுதி, முற்றுப்புள்ளி வைக்காமல் எழும்பிவிட்டார்.

அடுத்த இரண்டு நாளில் வந்த வசவை எல்லாம் இங்கே எழுத முடியாது. மறுகா முதலையா, மறுகா பொலிஸா, மறுகா நீதவானா என்று வாசகர்கள் தலையைப் பிய்த்தார்கள். எங்கள் மறுகாவை ஏன் கொன்றாய் என்றார் சென்னை அம்மா. எல்லாமே மறுகா என்பதுதான் இதன் தத்துவம் என்று பேராசிரியர் மட்டும் பாராட்டினார். லண்டன்காரர் வேறொரு ஆளை வைத்துக் கதையைத் தொடர்ந்தார். அதில் மறுகா புருஷனை விட்டுவிட்டு லண்டனுக்கே வந்து, விவாகரத்து வழக்கும் போட்டாள். பத்தாயிரம் பேரும் அவளோடு கப்பலேறினார்கள்.

மூன்றாம் நாள் லைன் அறுந்தது.

மாசி போய்ப் பங்குனி வந்தது. சண்டை வாவியின் மேற்குக்கரையான படுவான்கரைக்கு வர, புஸ்பத்தின் வெல்லாவெளிச் சொந்தங்கள் பதினாறு பேர், பாய்களோடும் ஒரு கோழியோடும் அவர்கள் வீட்டில் வந்து இறங்கினார்கள். சோற்றுக்கு வரிசை, கிணற்றுக்கு வரிசை. கனகசூரியம் அத்தனை பேருக்கும் நடுவில் இருந்துகொண்டு ஒரு கதையும் சொல்லவில்லை. அப்போதுதான் ஊர் பயந்தது.

பங்குனிக் கடைசியில் மர்சூக் சைக்கிளில் வந்து, லைன் வந்துவிட்டது, கரண்ட் எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியாது, ஏறுங்கள் என்று பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். பக்கத்தைத் திறந்தால் அறுபத்தொரு பதில்கள். ஐம்பத்தொன்பது, மறுகா எங்கே என்ற அழுகை. ஒன்று பேராசிரியர். கடைசியாக ஒன்று, பெயர் இல்லாமல்:

‘மறுகா? கண்ணத் திறக்கச் சொல்லுங்க அண்ணன். முதலைக்குக் கண்ணே லைற் எண்டு நான் அண்டைக்கே சொன்னனான். தலை இன்னும் நோகுது.’

மர்சூக் அதை வாசித்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேலியும் சொல்லாமல், வெற்றிலையைத் துப்ப வெளியே போனான். கனகசூரியம் திரையைப் பார்த்தபடி இருந்தார். அந்த நேரத்தில் கரண்ட் போனது. கணினிக்குக் கீழே இருந்த பற்றறிப் பெட்டி கீ கீ என்று கத்தத் தொடங்கியது.

“அஞ்சு நிமிசம்தான் அண்ணன் தாங்கும்,” என்று மர்சூக் வாசலில் இருந்து சொன்னான். “யோசிக்காம அடிங்க.”

யோசிக்காமல் இரண்டு விரலால் அடித்தார்: ‘மறுகா வழக்குத் தள்ளுபடி. நீ சொன்னதுதான் முடிவு. குட்டினது என்ட பிழை.’ அனுப்பி முடியவும் திரை இருண்டது.

அடுத்த நாள் கரண்ட் வந்தபோது கடையைத் திறக்கச் சொல்லி மர்சூக்கின் வீட்டு வாசலில் நின்றார், புஸ்பத்தையும் கூட்டிக்கொண்டு. பக்கம் கொள்ளாமல் வாழ்த்துகள் வந்து கிடந்தன. மறுகாவின் வழக்குத் தள்ளுபடியாகிவிட்டதாம். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்துவிட்டார்களாம். குட்டியதற்குப் புருஷன் மன்னிப்பும் கேட்டுவிட்டானாம், ஆண்கள் எல்லோரும் இதைப் படிக்கவேண்டுமாம். சென்னை அம்மா சந்தோஷத்தில் அழுதிருந்தார். லண்டன்காரர், தான் எழுதுவித்த விவாகரத்தை என்ன செய்வது என்று கோபமாகக் கேட்டிருந்தார். இந்த எண்பத்தேழு வாழ்த்துக்கும் கீழே ஜேர்மனித் தொலைபேசி இலக்கம் ஒன்று, அதற்கு மேலே இரண்டு வரி:

‘அண்ணன், ஆரிந்த மறுகா? ஊரெல்லாம் வாழ்த்துது. புஸ்பம் மச்சாளுக்குத் தெரியுமா?’

கனகசூரியம் ரிசீவரை எடுத்து இலக்கத்தைச் சுழற்றிவிட்டார். அந்தப் பக்கம் மணி அடித்து, யாரோ எடுத்து, ‘ஹலோ’ என்று தடித்த ஆம்பிளைக் குரல் வந்தது. பதினேழு வயதுக் குரலுக்குக் காத்திருந்தவர் வாயைத் திறந்தபடியே நின்றார். மறுபடியும் ‘ஹலோ’ என்றது. புஸ்பம் அவர் கையில் இருந்து ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

“ஓம் தம்பி, தெரியும்,” என்றாள். “அவ போன கிழமைதான் கோவிச்சுக்கிட்டுத் தாய் வீட்ட போனவ.”